திங்கட்கிழமைப் படம்

முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையின் பாகு வாசனை பெட்டிக்குள் நுழைவதற்குள் படம் முடிந்தாக வேண்டும். திண்டிவனத்தில் வண்டி கிளம்பும்போது அக்கா கதையைத் தொடங்கவே மாட்டாள். நாங்கள் எவ்வளவு நச்சரித்தாலும், "இருங்கடி, மயிலம் வரட்டும், டீச்சர் ஏறட்டும்" என்று கூடையிலிருந்து அவரைக்காயை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்துவிடுவாள். மயிலத்தில் டீச்சர் ஏறி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அக்கா படத்துக்குப் பேர் போடுவாள். விக்கிரவாண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிற கூடைக்காரி ஏறினால் இடைவேளை. முண்டியம்பாக்கத்தில் க்ளைமாக்ஸ். விழுப்புரம் ஜங்ஷனில் மூக்கைச் சிந்திக்கொண்டோ சிரித்துக்கொண்டோ இறங்கி, அவரவர் ஆபீசைப் பார்த்து ஓடுவோம்.

எண்பதுகளில் அந்தக் காலைப் பாசஞ்சரின் பெண்கள் பெட்டியில் போய்வந்தவர்களுக்கு அவளைத் தெரியாமல் இருக்காது. சினிமா அக்கா என்றால் போதும். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். "இன்னாடி, என்னைப் போயி புஸ்தகத்துல போட்டுட்ட" என்று எங்கிருந்தாவது கோபித்துக்கொள்வாள். நான் அப்போது விழுப்புரத்தில் ஒரு அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. கோமதி டெலிபோன் ஆபீஸ். டீச்சருக்கு விழுப்புரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். அக்கா ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தாள்.

அந்த வக்கீல் ஆபீஸ் சனிக்கிழமை மத்தியானத்தோடு மூடிவிடும். இந்த விஷயத்தை அவள் வீட்டில் சொன்னதே கிடையாது. அவள் இருந்தது அண்ணன் வீட்டில். கழுத்தில் தாலி இருந்தது, அந்தத் தாலிக்கு உரியவரைப் பற்றி அவளும் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. எங்கள் கோமதிக்கே அந்த இடத்தில் வாய் அடங்கிவிடும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்குச் சினிமா என்றால் வேப்பங்காய். திண்டிவனத்துக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவர்கூட அவருக்குத் தோஸ்து என்பதால் அங்கே போக வழியில்லை. ஆகவே விழுப்புரத்தில் சனிக்கிழமை மேட்னி. படம் பார்த்துவிட்டுச் சாயங்காலப் பாசஞ்சரைப் பிடித்துவிட்டால், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்கலாம். வாசலில் அண்ணன் சைக்கிளோடு நின்றுகொண்டிருப்பார்.

மற்றவர்கள் படம் பார்த்துவிட்டுப் பாட்டைச் சொல்வார்கள், சண்டையைச் சொல்வார்கள். அக்காவின் கவலையே வேறு.

"பாட்டு சுமாருடி. அந்தப் பொண்ணு மழையில ஆடிக்கினே கீது, ஒருத்தனாவது ஒரு துண்டு குடுக்கறானா பாரு. நாளைக்கு சளி புடிச்சா இவனுங்களா கஷாயம் வெச்சித் தருவானுங்க?"

இன்னொரு திங்கட்கிழமை: "சண்டையெல்லாம் நல்லாத்தான் போடறான். ஆனா காலையிலேர்ந்து அவன் ஒரு வாய் துன்னல. நானும் பாத்துக்கினே இருக்கேன், ஒரு டீ கூடக் குடிக்கல. எங்கேர்ந்து வரும் தெம்பு?"

வில்லனுக்கும் இரக்கம் உண்டு. "எவ்ளோ நேரந்தான் அந்த நாற்காலியிலயே குந்திக்கினு சிரிப்பான், பாவம். இடுப்பு வலிக்காது?"

"யக்கா, நீ படம் பாக்கப் போறியா, பந்தி பரிமாறப் போறியா?" என்று கோமதி கேட்பாள். அக்கா அவளைப் பார்த்து ஒரு அவரைக்காயை வீசுவாள். கோமதி அதைப் பிடித்துப் பச்சையாகவே கடித்துத் தின்பாள்.

படத்துக்கு அக்கா போடும் மார்க்கும் அப்படித்தான். "போலாம்" என்றால் நல்ல படம். "துன்னுட்டுப் போங்க" என்றால் இழுவை. "பேஜாரு" என்றால் அந்தத் தெருப் பக்கமே போகக் கூடாது. அவள் வாயால் போலாம் என்று சொல்லிவிட்டால், அந்தப் பெட்டியே அந்தப் படத்துக்காகக் காத்திருக்கும். காத்திருப்பது என்றால் நிஜமாகவே காத்திருப்பது. விழுப்புரத்தில் ஓடி முடித்த பிறகுதான் படப்பெட்டி திண்டிவனத்துக்கு வரும். சில சமயம் மாதம் ஆகிவிடும். அதற்குள் அக்கா சொன்ன படம் எங்கள் மனசுக்குள் பல தடவை ஓடியிருக்கும்.

அக்காவின் படங்களில் எப்பேர்ப்பட்ட கொலைகாரக் கதையும் கடைசியில் ஒரு வீட்டு வாசலுக்கு வந்து சேரும். யாராவது யாருக்காவது ஒரு சொம்புத் தண்ணி கொடுப்பார்கள். கை கால் கழுவிக்கினு வா, சோறு போடறேன் என்பார்கள். வணக்கம் போட்டுவிடுவான். ஒரு படத்தில் கதாநாயகிக்கு ரத்தம் ரத்தமாக இருமல் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து எழுந்து கஞ்சி குடிப்பதாக அக்கா சொன்னாள். அந்தப் படம் திண்டிவனம் வந்ததும் நானும் கோமதியும் ஞாயிற்றுக்கிழமை போனோம். அந்தப் பெண் இடைவேளைக்கு அப்புறம் இருமினாள், இருமினாள், செத்தே போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் விழித்தோம்.

மறுநாள் வண்டியில் கேட்டால் அக்காவின் முகம் நிஜமாகவே வெளுத்துவிட்டது. "அய்யய்யோ, செத்துட்டாளா? நான் பாக்கறப்ப உசுரோடதானடி இருந்தா!"

இதற்கு நாங்களே ஒரு விளக்கம் கண்டுபிடித்தோம். அந்தக் காலத்தில் கொட்டகைக்காரர்கள் அடுத்த ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டால் ரீலை வெட்டிவிடுவார்கள், மாற்றி ஒட்டிவிடுவார்கள் என்று எல்லோரும் பேசிக்கொள்வதுதான். விழுப்புரத்திலிருந்து படப்பெட்டி நம் ஊருக்கு வருவதற்குள் எவனோ கஞ்சி குடிக்கிற ரீலை வெட்டி எறிந்துவிட்டான் என்று கோமதி தீர்ப்புச் சொன்னாள். நாங்கள் தலையாட்டினோம். கண்ணால் பார்த்த படத்தைவிட அக்கா சொன்ன படத்தை நம்பினோம். படித்த பெண்கள்தான் எல்லோரும், வெட்கமாகத்தான் இருக்கிறது.

டீச்சர் மட்டும் சிரித்தார்.

டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதிகம் பேச மாட்டார். மடியில் முல்லையைக் கொட்டிக்கொண்டு வாழைநாரில் கட்டிக்கொண்டே வருவார். இறங்கும்போது ஆளுக்கு ஒரு துண்டு கிள்ளிக் கொடுப்பார். அவருடைய புருஷன் புதுச்சேரிக்கு வேறொருத்தியோடு போய்விட்டிருந்தார். அதுவும் பெட்டிக்கே தெரியும். சில வருஷம் கழித்து, ஒரு தையில், அந்த மனிதர் பெரியப்பா ஒருவர் மூலமாகச் சேதி அனுப்பினார். தப்பு நடந்துபோச்சு, திரும்ப வருகிறேன் என்று. டீச்சரின் அம்மா சேர்த்துக்கொள் என்றார். அவருடைய தம்பியோ அந்த ஆள் வந்தால் நான் இந்த வீட்டுப் படியேற மாட்டேன் என்றான்.

"செருப்பாலயே அடிச்சித் தொரத்துங்க டீச்சர்" என்றாள் கோமதி. நான் யோசித்துச் செய்யுங்கள் என்று எதற்கும் உதவாத ஒரு புத்திமதி சொன்னேன். அக்கா அவரைக்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் அக்கா பார்த்த படமும் அதே கதையாக வந்து வாய்த்தது. விதி என்றுதான் சொல்ல வேண்டும். கட்டினவளை விட்டுவிட்டுப் போகிற புருஷன். தையல் மிஷினை மிதித்துப் பிள்ளையை ஆளாக்குகிற பெண்டாட்டி. திங்கட்கிழமை டீச்சர் ஏறியதும் அக்கா சொல்லத் தொடங்கினாள். இடைவேளையில் நாங்கள் மல்லாட்டை வாங்க மறந்துபோனோம்.

"மழை கொட்டுது. கதவைத் தெறக்கறா. அவன் நிக்கறான். தாடியும் மீசையுமா, கையில ஒரு மஞ்சப் பை. தலையை நிமிர்த்தல. இவ கதவைப் புடிச்சிக்கினே நிக்கறா."

டீச்சரின் கை பூக்கட்டுவதை நிறுத்திவிட்டது.

"அப்புறம்?" என்றேன் நான்.

அக்கா ஒரு அவரைக்காயை எடுத்து நார் உரித்தாள். வழக்கத்தைவிட மெதுவாக உரித்தாள்.

"உள்ள போனா. ஒரு சொம்புத் தண்ணி எடுத்தாந்து நீட்டுனா. கை கால் கழுவிக்கினு வா, சோறு போடறேன்னா. அவ்ளோதான். வணக்கம்."

"மானங்கெட்டவ" என்றாள் கோமதி.

"நீ சும்மா கெடடி. வாசல்ல நிக்கறவனுக்குத் தண்ணி குடுத்தா இன்னா மானம் பூடுது?"

டீச்சர் கேட்டார்: "நெசமா தண்ணி குடுத்தாளாக்கா?"

"குடுத்தா டீச்சர்."

"அழுதாளா?"

"அழுவல."

பாகு வாசனை வந்துவிட்டது. டீச்சர் விட்ட இடத்திலிருந்து பூவைக் கட்டி முடித்து, அன்றைக்குப் பெரிய துண்டாகக் கிள்ளி அக்காவின் கையில் வைத்தார்.

அந்த வாரக் கடைசியில் அவர் புருஷன் வந்துவிட்டார். டீச்சர் தூக்குவாளியில் கேசரி கொண்டுவந்து பெட்டி முழுக்கக் கொடுத்தார். தலை நிறையப் பூ. கோமதிகூட வாயை மூடிக்கொண்டு இரண்டு தடவை வாங்கித் தின்றாள். அக்காவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் வேறெந்த நாளிலும் பார்த்ததில்லை. "பாத்தியாடி, பாத்தியாடி" என்று என் தொடையைக் கிள்ளிக்கொண்டே வந்தாள்.

கேசரி தித்திப்பு அதிக நாள் நிற்கவில்லை. முதலில் அந்த மனிதர் மயிலம் ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வர ஆரம்பித்தார். எவ்வளவு ஆசை என்று நினைத்தோம். வண்டி கிளம்புகிற வரைக்கும் ஜன்னல் அருகே நின்று, பெட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார். பக்கத்துப் பெட்டியில் யார் என்றும் பார்ப்பார். டீச்சர் அவர் பக்கமும் திரும்ப மாட்டார், எங்கள் பக்கமும் திரும்ப மாட்டார். பூ வருவது நின்றது. ஒருநாள் வளையல்களுக்கு மேலே மணிக்கட்டு வீங்கியிருந்தது. "குழாயடியில வழுக்கிடுச்சி" என்றார். யாரும் மேலே கேட்கவில்லை. பிறகு லீவு, பிறகு நீண்ட லீவு. வேலையை விடச் சொல்லிவிட்டாராம் என்று மயிலத்தில் ஏறுகிற மோர்க்காரி சொன்னாள்.

திங்கட்கிழமைகளில் மயிலத்தில் வண்டி நிற்கும்போது அக்கா எட்டிப் பார்ப்பாள். வண்டி நகர்ந்த பிறகுதான் படத்தைத் தொடங்குவாள். கதையில் சுரத்தே இல்லை.

கோடையில் அந்தத் தையல் மிஷின் படம் திண்டிவனம் வந்தது. நானும் கோமதியும் இன்னும் சிலரும் போனோம். மழை கொட்டியது. மஞ்சள் பையோடு அவன் வாசலில் நின்றான். அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். நான் சொம்புக்காகக் காத்திருந்தேன். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள், படாரென்று கதவைச் சாத்தினாள். கொட்டகையே விசில் அடித்தது. பெண்கள் பக்கத்தில் கைதட்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள் வரிசையில் மட்டும் யாரும் தட்டவில்லை.

மறுநாள் காலை கோமதி காத்திருக்கவில்லை. திண்டிவனத்திலேயே கேட்டுவிட்டாள். "யக்கா, அவ கதவைச் சாத்திட்டா."

அக்கா கையிலிருந்த காயை உரிக்காமல் கூடையிலேயே திரும்பப் போட்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. "ரீலை வெட்டியிருப்பானுங்கடி" என்றேன்.

"இல்லடி" என்றாள் அக்கா. "ரீலு சரியாத்தான் இருக்கும்."

பிறகு சொன்னாள். எந்தப் படத்தையும் அவள் கடைசிவரைக்கும் பார்த்ததில்லை. மேட்னி விடுவதற்கு முன்னாலேயே சாயங்காலப் பாசஞ்சருக்கு நேரமாகிவிடும். போலீஸ் ஜீப் வருகிறதோ, அம்மாக்காரி பிள்ளையை அடையாளம் கண்டுகொள்கிறாளோ, அந்த இடத்தில் எழுந்து இருட்டில் நாற்காலிகளில் இடித்துக்கொண்டு வெளியே ஓடி வருவாள். அண்ணன் ஸ்டேஷனில் நிற்பாரே. வண்டியில் வரும்போது மிச்சத்தைத் தானே யோசித்துக்கொள்வாள்.

"பொய் சொல்லணும்னு இல்லடி. யோசிச்சி யோசிச்சி அதான் நடந்துச்சின்னே எனக்குத் தோணிடும்."

"மத்த படத்துக்குச் சொன்ன, சரி" என்றாள் கோமதி. அவள் கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகப் பேசினாள். "டீச்சர் எதிர்ல இருக்கறப்பவும் அதையே ஏங்க்கா சொன்ன?"

அக்கா கூடையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். விழுப்புரம் வரும்வரை ஒரு காய்கூட உரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அவள் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். "மயிலம் போறேன். நீயும் வர்றியாடி? தனியாப் போனா பாதியில திரும்பிடுவேன்." நான் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் போய் இறங்கி, விசாரித்துக்கொண்டே வெயிலில் நடந்தோம். வழியெல்லாம் அக்கா வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கதவைத் திறந்தது டீச்சர்தான். கையெல்லாம் கேப்பை மாவு. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, உடனே பின்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். உள்ளே வாங்க என்று அவர் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினார்.

அக்கா அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "டீச்சர், நான் அந்தப் படத்தைத் தப்பா சொல்லிட்டேன். அவ தண்ணி குடுக்கல. கதவைச் சாத்திட்டா."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"நீங்க சொன்ன அன்னிக்கே தெரியும். ஸ்கூல்ல இன்னொரு டீச்சர் பாத்துட்டு வந்து மத்தியானமே சொன்னாங்க."

"அப்புறம் ஏம்மா?"

டீச்சர் கையில் ஒட்டியிருந்த மாவை உருட்டிக்கொண்டே நின்றார். "நீங்க சொன்னதுதான் எனக்குப் புடிச்சிருந்துச்சி."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "யாரு அங்க?"

"யாருமில்ல" என்றார் டீச்சர், எங்களைப் பார்த்துக்கொண்டே. "யாரோ வழி கேக்கறாங்க."

அக்கா மடக்மடக்கென்று தண்ணீரைக் குடித்துச் சொம்பைக் கொடுத்தாள். டீச்சர் கதவைச் சாத்தினார். சத்தம் வராமல், இரண்டு கையாலும் பிடித்துச் சாத்தினார். வெளியே சட்டத்தில் அவர் விரல் பட்ட இடத்தில் மாவு ஒட்டியிருந்தது.

மயிலம் ஸ்டேஷன் பெஞ்சில் சாயங்காலப் பாசஞ்சருக்காக உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகையாக வந்தது. டீச்சருக்கே முன்னாலேயே தெரிந்திருந்தது, உங்கள் மேல் தப்பில்லை அக்கா என்று என்னென்னவோ சொன்னேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்க வூட்டுக்காரும் ஒருதபா திரும்ப வந்தாரு. அண்ணன் வாசல்லயே நிக்க வெச்சிப் பேசிக்கினு இருந்துச்சி. நான் உள்ள சொம்புல தண்ணி மொண்டுக்கினு நின்னேன். அண்ணன் பேசி முடிக்கட்டும், எடுத்துக்கினு போலாம்னு நின்னேன். பேசி முடிக்கறதுக்குள்ள அவரு பூட்டாரு."

வண்டி வந்தது. ஏறினோம். திண்டிவனத்தில் அண்ணன் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார்.

அதற்கப்புறம் திங்கட்கிழமைகளில் படம் இல்லை. யாராவது வற்புறுத்திக் கேட்டால், "நீங்களே போயி பாத்துக்கங்கடி" என்பாள். அந்தப் பெட்டியில் மற்றவர்கள் சினிமா பேசாமலில்லை. பாட்டைச் சொன்னார்கள், சண்டையைச் சொன்னார்கள். மழையில் நனைகிற பெண்ணுக்குத் துண்டு கொடுக்கத்தான் ஆளில்லை. நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவள் வாயைக் கட்டிப்போட்டுவிட்டோமோ என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.

ஒரே ஒரு தடவை மட்டும் பேசினாள். மழைக்காலம். வண்டி மயிலத்தில் நின்றிருந்தது. மோர்க்காரி ஏறினாள், வேறு யாரும் ஏறவில்லை. அக்கா தானாகவே, "சனிக்கிழமை படத்துக்குப் போனேன்" என்றாள்.

நாங்கள் திரும்பினோம். "எப்டிக்கா இருக்குது?" என்று கோமதி ஆசையாகக் கேட்டாள்.

"முடியற வரைக்கும் உக்காந்திருந்தேன்."

"அய்யய்யோ, வண்டி?"

"பூடுச்சி. பஸ்ஸு புடிச்சி வந்தேன்."

"உங்க அண்ணன்?"

"கேட்டுது. சினிமாவுக்குப் போனேன்னு சொன்னேன். ரெண்டு நாளா பேசல."

"அது கெடக்குது, படத்தைச் சொல்லுக்கா. கடைசியில என்னாச்சி?"

அக்கா ஜன்னல் வழியாக பிளாட்பாரத்தைப் பார்த்தாள். வண்டி நகர்ந்து, பெயர்ப்பலகை பின்னால் போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் எடுத்திருக்கான்" என்றாள். "எனக்குத்தான் புடிக்கல."

பிறகு கூடையைத் திறந்து ஒரு அவரைக்காயை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.